சொல்லாற் காணும் திருக்கோயில்

சிவமயம்

உலகத்துப் பொருள்கள் கண்ணின்முன் நிற்பினும், கண் ஒன்றே அவற்றைக் கண்டுவிடுவதில்லை. யாதோ ஒன்று உளது என்னும் அளவில் நிற்கும் அறிவை நிருவிகற்பக் காட்சி என்றும், அப்பொருளைப் பெயர், சாதி, குணம், தொழில், பொருள் என்னும் ஐந்தொடும் படுத்துத் துணிந்தறியும் அறிவைச் சவிகற்பக் காட்சி என்றும் சைவ அளவை நூலார் பகுத்துரைப்பர். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் அருளிச்செய்த சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் இவ்வைந்தும் எண்ணப்படுமிடத்துப் பெயரே முதற்கண் நிற்கின்றது. பொருளுக்கு உரிய சொல் உள்ளத்தில் எழாதவழி, கண்டும் காணாத நிலையே எஞ்சும் என்பது இதனாற் பெறப்படும்.

சொல்லொடு படாத அறிவே உலகில் இல்லை என்று வடமொழி இலக்கணப் பேராசிரியராகிய பர்த்ருஹரி ஒருபடி மேலே சென்று கூறினார். சைவ ஆசிரியர் அவ்வளவு தூரம் செல்லவில்லை. சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என்னும் நால்வகை வாக்கும் உயிரின் அறிவை விளக்க உதவும் கருவிகளே. அவை உயிரும் அல்ல, உயிரால் அறியப்படும் பொருளும் அல்ல என்பது அவர் துணிபு. இருளில் விளக்குப் பொருளைப் படைப்பதில்லை, காட்டுகின்றது. ஆயினும் எந்த விளக்கை ஏந்திச் செல்கின்றோமோ அந்த ஒளிக்குத் தக்கபடியே பொருளும் தோன்றும். சொல்லும் அத்தகையது.

இக்கொள்கையின் உண்மையை ஏட்டளவில் ஆராய்வதினும், ஒரு நாட்டு மக்கள் ஒரு காலத்தில் வழங்கிய சொற்களையும், அச்சொற்களால் அவர்கள் கண்ட உலகத்தையும் ஒருங்கு வைத்து நோக்குதல் பெரும்பயன் தரும். அதற்குத் தமிழ்நாட்டுத் திருக்கோயிற் கல்வெட்டுக்களினும் சிறந்த சான்று பிறிதில்லை. அவற்றுள்ளும் தஞ்சை இராசராசேச்சரத்துக் கல்வெட்டுக்கள் தலையாயன.

இராசராசேச்சரத்துக் கல்வெட்டு

முதலாம் இராசராசன் 985 முதல் 1014 வரை ஆட்சி புரிந்தவன். அவன் தன் 25-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1010-இல், 275-ஆம் நாளன்று, தான் எடுப்பித்த விமானத்தின் தூபியில் வைத்தற்குச் செப்புக்குடம் அளித்தான். அதன் எடை 3083 பலம். அதன்மேல் போர்த்த பொன் 2926½ கழஞ்சு. குடமுழுக்கு விழாக் காணும் அன்பர்கள் அண்ணாந்து நோக்கித் தொழும் தூபிக்குடத்திற்கு இத்துணைத் துல்லியமான கணக்கைக் கல்லிற் பொறித்து வைத்த பெருமை அக்காலத்தாருக்கு உரியது.

தான் கொடுத்தனவும், தன் தமக்கையார் கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் ஆகிய எல்லாவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டுக என்பது அம்மன்னன் இட்ட ஆணை. இவ்வாணையில் ஒரு சொல்நயம் உண்டு. அரசன் ஈந்ததற்கும், பெயரறியா ஒருவர் ஈந்ததற்கும் வெவ்வேறு வினை ஆளப்படவில்லை. கொடுத்தல் என்னும் ஒரே வினைச்சொல் அனைவருக்கும் பொதுவாயிற்று. பேரரசன் தன் உடன்பிறந்தாளாகிய குந்தவைப் பிராட்டியாரைப் பட்டமும் பெருமையும் சாற்றி அவ்விடத்துக் குறியாமல், அக்கன் என்னும் இல்லத்துச் சொல்லாற் குறித்தான். இறைவன் திருமுன்பில் கொடையாளர் எல்லாரும் ஒரு குடும்பத்தார் என்னும் காட்சியை இவ்விரு சொற்களும் உண்டாக்கின.

செம்பும் திருமேனியும்

அக்கோயிலுக்கு அளிக்கப்பட்ட உலோக வடிவங்களைப் பற்றிய கல்வெட்டுக்கள் அவற்றைச் செப்புத் திருமேனிகள் என்று கூறுகின்றன. ஒவ்வொரு திருமேனியின் உயரமும் முழத்தாலும் விரலாலும் அளந்து குறிக்கப்பட்டுள்ளது. அளந்த முறையைச் சொல்லுமிடத்துப் பாதாதி கேசாந்தம் என்பது அங்கு வழங்கும் தொடர். திருவடி முதல் திருமுடி ஈறாக என்பது அதன் பொருள். பொருளை அளப்பவன் அடியிலிருந்து நுனி வரை என்பான். இங்கோ அளவுகோல் பிடித்த கையும் திருவடியிலே தொடங்குகின்றது. கைகளை எண்ணுமிடத்தும் கை என்று வாளா கூறாது, ஸ்ரீஹஸ்தம் என்றே கல்லில் வெட்டினர்.

இவை கணக்கர் எழுதிய கணக்குக்கள் என்பதை மறத்தலாகாது. பாவலர் பாடிய பாடல்களில் இத்தகைய சொற்கள் வருதல் வியப்பன்று. எடையும் அளவும் குறித்து வைக்கும் பண்டாரத்துக் கணக்கிலேயே இச்சொற்கள் வருதல் நோக்கற்பாலது. செம்பு என்னும் சொல்லைக் கொண்டு நோக்குவானுக்கு அங்கே உலோகமும் அதன் எடையும் புலனாகும். திருமேனி என்னும் சொல்லைக் கொண்டு நோக்குவானுக்கு எழுந்தருளியிருக்கும் ஒருவர் புலனாவார். கண் ஒன்றே, பொருளும் ஒன்றே, காட்சி வேறாயிற்று.

அமுதும் விண்ணப்பமும்

திருமடைப்பள்ளிச் சொற்களும் இவ்வாறே அமைந்தன. சோறு திருவமுதாயிற்று, கறி கறியமுதாயிற்று, நெய்யும் தயிரும் நெய்யமுதும் தயிரமுதும் ஆயின, வெற்றிலையும் பாக்கும் இலையமுதும் அடைக்காயமுதும் ஆயின. உண்ணுதல் அமுது செய்தருளுதல் ஆயிற்று. உழவன் விளைத்த நெல்லும், தோட்டத்தான் பறித்த காயும், இடையன் உருக்கிய நெய்யும் இச்சொல்லின் வாயிலாகத் தம் பழைய பெயரோடு ஒரு புதிய நிலையையும் பெற்றன. தான் உழைத்துத் தந்தது அமுதாகின்றது என்று அறிந்த உழவன் தன் வயலை நோக்கிய நோக்கு முன்னைய நோக்காக இருந்திராது.

பாடுதலைக் குறித்த சொல் இன்னும் ஆழ்ந்து எண்ணத் தக்கது. இராசராசேச்சரத்தில் நாள்தோறும் திருப்பதியம் ஓதுவதற்கு 48 பிடாரர்களும், அவர்களுடன் உடுக்கை வாசிப்பவர் ஒருவரும், கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவரும் ஆக 50 பேர் அமர்த்தப்பட்டனர். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு நெல் முக்குறுணி அளக்கப்பட்டது. அவர்கள் செய்த தொழிலைக் கல்வெட்டுப் பாடுதல் என்று கூறவில்லை. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்தல் என்று கூறுகின்றது. பாடுதல் என்றவழிக் கேட்போர் கூட்டமும், குரலின் இனிமையும், பாடுவோர் புகழும் நினைவிற்கு வரும். விண்ணப்பஞ் செய்தல் என்றவழிக் கேட்பவர் ஒருவரே; பாடுவோர் அவர் திருமுன்பில் குறையிரந்து நிற்கும் அடியார். மாலையில் ஓதுவாரது குரல் கேட்கும் அன்பர், இசை கேட்கின்றாரா, விண்ணப்பத்தில் பங்கு கொள்கின்றாரா என்பது அவர் உள்ளத்தில் இருக்கும் சொல்லைப் பொறுத்தது.

உடையார் என்னும் சொல்

கல்வெட்டுக்களில் இறைவனைக் குறிக்கும் பெருவழக்கான பெயர் உடையார் என்பது. ஆளுடைய பிள்ளையார், ஆளுடைய நம்பி என அருளாளரைக் குறிக்கும் பெயர்களிலும் இவ்வுடைமைச் சொல்லே நிற்கின்றது. உயிர் உடைமை, இறைவன் உடையவன் என்பது சித்தாந்தத்தின் உயிர்நிலை. அந்த நுண்பொருளைக் கற்றறியாத குடியானவனும் நாள்தோறும் உடையார் என்று சொல்லியே கற்றுக்கொண்டான்.

இச்சொல் வெறும் வழிபாட்டுச் சொல்லாக நின்றுவிடவில்லை. அது நிலவுரிமையையும் பொருளாட்சியையும் வகுத்தது. கோயிலுக்கு உரிய நிலத்திற்கு உடையவர் கோயிலில் எழுந்தருளிய இறைவரே. அவர் பொருட்டு வாங்குதலும் விற்றலும் கடன் கொடுத்தலும் ஆதிசண்டேசுவரர் பெயரால் நடந்தன. ஊர்ச்சபையார் ஆதிசண்டேசுவரரிடத்துக் காசு பெற்று, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்காற் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை வீதம், பொலிசை செலுத்த ஒப்புக்கொண்டமையைத் தஞ்சைக் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. பசுவின்பாலுக்கு ஊறு செய்த தந்தையின் தாளைத் துணித்த அடியவர், பொருளுக்கு ஊறு நேராமற் காக்கும் கணக்கின் தலைவராக விளங்கினார். அவரிடம் கடன் பட்ட சபையார், கடனைத் திருப்பாது விடுதலை ஒரு கணக்குப் பிழையாக மட்டும் கருதியிருக்க இயலாது.

அளவைகளின் பெயரும் இவ்வாறே. அக்கோயிலில் நெல்லும் நெய்யும் ஆடவல்லான் என்னும் பெயர் பூண்ட அளவைக் கருவியால் அளக்கப்பட்டன. பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. இறைவன் பெயர் பொறித்த அளவையில் குறைத்து அளப்பவனுக்குக் கை நடுங்காதிராது.

சாவா மூவாப் பேராடு

கொடையாளர்க்கு மிகவும் உவப்பான சொல் ஒன்று உண்டு. திருவிளக்கு எரிக்க ஆடுகள் விடப்பட்ட செய்தி எண்ணிறந்த கல்வெட்டுக்களில் வருகின்றது. முற்சோழர் காலத்தில் ஒரு நந்தாவிளக்குக்கு 90 ஆடுகள் விடுதல் பெருவழக்கு. இராசராசேச்சரத்தில் ஒரு விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் எனக் கணக்கு வகுக்கப்பட்டது. அவற்றைப் பெற்ற இடையர் நாள்தோறும் ஆடவல்லான் அளவையால் உழக்கு நெய் அளக்க வேண்டும். நந்துதல் என்பது கெடுதல். நந்தாவிளக்கு என்பது அவியாத விளக்கு.

இவ்வாறு விடப்பட்ட ஆடுகளைச் சாவா மூவாப் பேராடு என்று கல்வெட்டுக்கள் பல கூறுகின்றன. ஆடு சாகும், மூப்படையும் என்பதை அறியாத இடையர் இல்லை. ஆயினும் சாவாத மூவாத ஆடு என்று கல்லில் எழுதினர். இது பொய்ம்மொழியும் அன்று, புனைந்துரையும் அன்று. இறந்த ஆட்டின் இடத்தில் அதன் குட்டியை நிறுத்தித் தொகை குன்றாமற் காப்பது இடையரின் கடமை. ஆகவே தனித்தனி ஆடுகள் இறப்பினும் மந்தை இறவாது. ஒரு சொல் ஆட்டு மந்தையைக் காலத்திற்கு அப்பால் நிறுத்திற்று. அச்சொல்லை ஏற்ற குடும்பத்தில் பிறந்த பேரன், தான் ஒருகாலும் கண்டிராத ஒருவர் விட்ட ஆடுகளுக்குத் தான் பொறுப்பாளி என்று அறிந்து நெய் அளந்தான். இறந்தவர் ஏற்றிய விளக்கு இருப்பவர் கையால் எரிந்தது.

ஓர் ஐயமும் அதன் விடையும்

ஈண்டு ஓர் ஐயம் எழும். சொல் அன்பை உண்டாக்கிற்றா, அன்பு சொல்லை உண்டாக்கிற்றா என்பது அது. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் ஊர்தோறும் சென்று பாடியபோது அனுபவம் முந்திற்று. சொல் அதன் வழியே பிறந்தது. அவர்க்குப் பின் நானூறு ஆண்டு கழித்துப் பிறந்தவர்களோ அச்சொற்களின் நடுவிலேயே கண் விழித்தனர். அவர்களுக்குச் சொல்லே முந்திற்று. அதன் வழியே அனுபவம் வாய்த்தது. முன்னோர் வெட்டிய குளத்தில் பின்னோர் நீராடுதல் போன்றது இது.

சொல் மறைப்பதும் உண்டு என்பதனை ஒளிக்க வேண்டுவதில்லை. கோ இல் என்பது தலைவன் இல்லம். சிலப்பதிகாரத்தில் கோயில் என்னும் சொல் அரண்மனைக்கும் வழங்கிற்று. உடையார் என்னும் சொல் இராசராசேச்சரத்து இறைவருக்கும் வழங்கிற்று, இராசராச தேவருக்கும் வழங்கிற்று. ஒரே சொல் இருவரையும் குறிக்கும்போது, அரசனைக் கடவுளாக மயங்குதற்கும் இடம் உண்டாகும். அம்மயக்கத்தை அறுத்தவர் திருநாவுக்கரசர். பல்லவ மன்னன் ஆணை தாங்கி வந்தாரிடம், தாம் சிவபெருமானுக்கன்றி வேறெவருக்கும் ஆட்பட்டவர் அல்லர் என்று அவர் மறுத்துரைத்தார். அரசவையின் சொல்லை அவர் விலக்கவில்லை. அதன் பொருளை உரியவரிடத்தே சேர்த்தார். ஆகவே சொல்லுக்கு அடிமையாகாது சொல்லை ஆளுதல் அருளாளர்க்கு இயன்றது என்பது தெளிவு.

மேலும், சொல் தானே நின்று காவல் செய்வதில்லை. நந்தாவிளக்கு என்று பெயர் பெற்ற எத்தனையோ விளக்குகள் அவிந்தன. சாவா மூவா என்று எழுதப்பட்ட மந்தைகள் மறைந்தன. எழுதிய கல் நின்றது; அதனைப் படிப்பார் இல்லாமற் போயினர். 1886-இல் அரசினர் கல்வெட்டறிஞராக அமர்ந்த ஹூல்ட்ஸ் முதலியோர் படியெடுத்துப் பதிப்பிக்கும் வரை, அச்சொற்களிற் பல தம்மைத் தாங்கிய சுவர்களிலேயே உறங்கின. கல்வெட்டைப் படிக்கவியலாதவர் அதற்குச் சுண்ணாம்பு பூசினர். திருப்பணியின்போது இடம் மாற்றியும் வைத்தனர். பெயர் தெரியாத பொருள் கண்முன் இருந்தும் காணப்படாது என்னும் அளவை நூலார் கூற்றுக்கு இதுவே சான்றாயிற்று.

பத்தூர்ப் பெருமான்

சொல்லின் வலிமை வழக்குமன்றத்தில் வெளிப்பட்ட நிகழ்ச்சி ஒன்று பிற்காலத்தில் நேர்ந்தது. சோழநாட்டுப் பத்தூரில், பாழடைந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலை அடுத்த நிலத்தை 1976-இல் தொழிலாளி ஒருவர் தோண்டியபோது நடராசப் பெருமான் திருமேனி வெளிப்பட்டது. அது பல கை மாறிக் கடல் கடந்தது. 1982-இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதனை விலைக்கு வாங்கிற்று. செப்பனிடுதற்காக இலண்டனில் வைக்கப்பட்டிருந்தபோது காவற்றுறையினர் அதனைக் கைப்பற்றினர். வாங்கியவருடைய சொல் வழக்கில் அது கலைப்பொருள். விலைச்சீட்டு உடையவருக்கு உரியது. தமிழ்நாட்டுச் சொல் வழக்கில் அது திருமேனி, உடையவர் இறைவரே.

வழக்கு இலண்டனில் நடந்தது. பத்தூர்க் கோயிலும், அக்கோயிலின் சிவலிங்கமும் உரிமை கோருவோர் வரிசையில் நிறுத்தப்பட்டன. உடன் கிடைத்த ஏனைத் திருமேனிகளோடு ஒப்பிட்டும், மண் முதலியவற்றை ஆராய்ந்தும் அறிஞர் சான்று கூறினர். 1988-இல் தீர்ப்புக் கோயிலுக்கு ஆதரவாயிற்று. மேல்முறையீட்டு மன்றம் 1991-இல் அதனை உறுதி செய்தது. தம் நாட்டுச் சட்டத்தில் இத்தகைய வழக்காளி இல்லையாயினும், கோயில் தன் நாட்டுச் சட்டப்படி உரிமையாளராதலின் அதன் சார்பில் வழக்காடலாம் என்று அம்மன்றம் ஏற்றது. பெருமான் அவ்வாண்டிலேயே தமிழ்நாடு திரும்பினார்.

இந்திய வழக்கொன்றில் 1925-இலேயே இலண்டன் பிரிவி கவுன்சில், தெய்வத் திருவுருவம் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆள் என்று கூறியிருந்தது. சட்டவாணர் அந்நாளில் புதிய தொடரால் விளக்கிய உண்மையைச் சோழநாட்டுக் கணக்கன் உடையார் என்னும் நாலெழுத்தில் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே எழுதியிருந்தான். பாழடைந்த கோயிலில் விளக்கு இல்லை, பூசை இல்லை. எனினும் உடையவர் இருந்தார். அவரைக் காண அச்சொல் வேண்டியிருந்தது.

திருப்பணி செய்வார்க்கு

திருப்பணி, குடமுழுக்கு, கட்டளை, உபயம் என்னும் சொற்கள் இன்றும் வழக்கில் உள்ளன. அவற்றோடு செலவு, ரசீது, டொனேஷன் என்னும் சொற்களும் கலந்து வழங்குகின்றன. பின்னவை கணக்கிற்கு வேண்டுவனவே. அவற்றைப் பழித்தல் வேண்டா. ஆயின் அவை மட்டும் எஞ்சி, முன்னவை மறைந்துவிடின், கொடுப்பவர் தாம் கொடுத்த தொகையை மட்டும் காண்பார். கொடுத்த பொருள் எவரிடம் சேர்ந்தது என்பதைக் காணார். குழல்விளக்கின் மேல் எழுதிய பெயர் விளக்கின் ஒளியையே மறைக்கும் நிலை அப்போது உண்டாகும். திருமேனி என்று குழந்தைக்குச் சொல்லிக் காட்டுதலும், அமுது என்று பெயர் சொல்லிப் படைத்தலும், கோயிற் சுவரிலுள்ள எழுத்தின்மேல் வண்ணம் பூசாது காத்தலும் செலவில்லாத திருப்பணிகள். பொன் வேய்ந்த குடத்தினும் அவை நெடிது நிற்பன.

பழங்கொடையாளர் தம் கல்வெட்டை முடிக்கும் முறை இதனை நன்கு உணர்த்தும். கொடையின் விவரத்தைக் கூறி, அது சந்திராதித்தர் உள்ளவரை நிற்பதாக என்று வேண்டி, இந்த அறத்தை வருங்காலத்திற் காப்பவன் எவனோ அவன் திருவடி தன் தலைமேலது என்று எழுதுவித்தனர். கொடுத்தவர் அரசனாகவும் இருக்கலாம், ஊர்த்தலைவராகவும் இருக்கலாம். காப்பவர் இன்னும் பிறவாதவர்; பெயர் இல்லாதவர். அவர் திருவடியைக் கொடையாளர் தம் சென்னியில் முன்கூட்டியே சூடிக்கொண்டனர். இடிந்த மதிலை எடுத்தும், அவிந்த விளக்கை ஏற்றியும், பழுதுற்ற தூபியைப் புதுக்கியும் குடமுழுக்குச் செய்விக்கும் அன்பர்கள் அந்தப் பெயரில்லாதவரின் இடத்தில் நிற்கின்றனர். எண்ணூறும் ஆயிரமும் ஆண்டுகளுக்கு முன் தம்மை வணங்கியவர் எழுதிய சொல்லைச் சுவரில் ஒருமுறை படித்துப் பார்த்தவர், தம் காலைத் தவறான நிலத்தில் ஊன்றார்.

திருச்சிற்றம்பலம்